நியூட்ரல்ல எறக்காதீங்கண்ணே!

"மேட்டுல ஒரு டீயைக் குடிச்சிட்டு நியூட்ரல்ல போட்டுட்டா, முந்தல் வரைக்கும் சொட்டு டீசல் செலவில்லண்ணே."

போடியில பிக்கப் ஓட்டுற பத்துப் பேர்கிட்ட மைலேஜ் பத்திப் பேச்சுக் குடுத்துப் பாருங்க. பாதிப் பேர் வாயில இருந்து இதுதான் வரும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு.

சொல்றவங்க யாரும் கத்துக்குட்டி இல்ல. மலையிலயே வளர்ந்தவங்க. பனி மூட்டத்துல பத்தடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியாதப்பவும், அடுத்த வளைவு எங்கன்னு மனசுல வச்சே ஸ்டியரிங்கைத் திருப்புறவங்க. அதனாலதான் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடுது. இவ்வளவு கை தேர்ந்த ஆளுங்க, டீசலை மிச்சம் பண்றோம்னு நினைச்சுக்கிட்டு டீசலையும் எரிச்சு, பிரேக்கையும் எரிச்சு, உசுரையும் பணயம் வச்சு எறங்குறாங்க.

போன வாரம் மலை அடிவாரத்து முந்தல்ல ஒரு பிக்கப் பக்கத்துல நின்னேன். பின் சக்கரத்துல இருந்து கருகின வாடை. பக்கத்துல போக முடியல. டிரைவர் தம்பி சிரிச்ச முகமா சொன்னாரு: "எறக்கத்துல வண்டி எனக்கு ஓசிண்ணே."

ஓசி இல்ல தம்பி. விலை ரொம்ப ஜாஸ்தி.

அன்னைக்கு ராத்திரியே எழுதணும்னு உக்காந்தேன். எங்களுக்குப் பூப்பாறைப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம், ஒரு டீசல் பிக்கப். உரம், வேப்பம் புண்ணாக்கு, காய் உலர்த்துற ஸ்டோருக்கு விறகு, ஆளுங்களுக்கு அரிசி பருப்புன்னு மேல போகும். காய் கீழ வரும். பல வருசமா டீசல் பில்லை நான்தான் பாக்குறேன். அதனால இந்த விசயத்துல எனக்குச் சொல்ல நிறைய இருக்கு. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கங்க. ரொம்பச் சின்னக் கணக்குதான்.

போடி ஊரு கடல் மட்டத்துல இருந்து 350 மீட்டர் சொச்சம். போடிமெட்டு, அதான் நாங்க மேடுன்னு சொல்றது, 1,400 மீட்டர் பக்கம். நடுவுல 17 கொண்டை ஊசி வளைவு. இது முந்தி கொச்சி–தனுஷ்கோடி 49-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை, இப்ப நம்பர் 85. ஏறுற உயரத்தை ஆயிரம் மீட்டர்னு வச்சுக்குவோம். வண்டி, சரக்கு, ஆளு எல்லாம் சேர்த்து 3 டன்னு வைங்க.

3 டன்னை ஆயிரம் மீட்டர் மேல தூக்க 29 மெகாஜூல் சக்தி வேணும். பள்ளிக்கூடத்துல படிச்ச அதே கணக்குதான்: எடை, புவியீர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினா வந்துரும். ஒரு லிட்டர் டீசல்ல 36 மெகாஜூல் இருக்கு. ஆனா அதுல மூணுல ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும். மிச்சம் ரேடியேட்டர் வழியாவும் சைலன்சர் வழியாவும் சூடா வெளிய போயிரும். ஆக ஒரு லிட்டருக்கு நம்ம கைக்குக் கிடைக்கிறது 12 மெகாஜூல்.

29-ஐ 12-ஆல வகுங்க. ஏறக்குறைய ரெண்டரை லிட்டர்.

வண்டியை உருட்டுறதுக்கு இல்ல, காத்தைக் கிழிக்கிறதுக்கு இல்ல. வெறுமனே தூக்குறதுக்கு மட்டும் ரெண்டரை லிட்டர். டயர் உருள்றதுக்கு அதுக்கு மேல ஒரு அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட. காத்துக்கு? மலையில முப்பதுல போற வண்டிக்குக் காத்துச் செலவு ஒரு டம்ளர் கூடக் கிட்டாது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. யூடியூப்ல மைலேஜ் பத்திப் பேசுறவங்க சொல்ற முக்கால்வாசி சமதரை ரோட்டுக்கானது. அமெரிக்காவுல பெரிய டீசல் பிக்கப் வச்சிருக்கவங்க, பின்னாடி பாடிக்கு மூடி போடு, வேகத்தைக் குறை, காத்துல சிக்குற சாமானைக் கழட்டுன்னு சொல்றாங்க. அவங்க ஊரு ரோட்டுக்கு அது அத்தனையும் சரி. நம்ம மலைக்கு எடைதான் எல்லாம். அதுக்கு அடுத்து, எறங்குறப்ப கால் எங்க இருக்கு, கியர் எதுல இருக்குங்கிறது.

சரி, எறக்கத்தையே முதல்ல முடிச்சிருவோம்.

நீங்க வண்டியை கியர்ல வச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டா, இன்ஜினைச் சக்கரம்தான் சுத்துது. இப்ப வர்ற காமன் ரயில் வண்டிகள்ல கம்ப்யூட்டர் அதைப் பார்த்ததும் இன்ஜெக்டரை மூடிருது. டீசல் பூஜ்யம். குறையுறதுன்னு இல்ல, சுத்தமா பூஜ்யம். வேகம் குறைஞ்சு இன்ஜின் ஐடிலிங் பக்கத்துல வர்றப்பதான் மறுபடி சொட்டு விடும். பழைய ஜீப்புக்காரங்க "எங்க வண்டியில கம்ப்யூட்டர் ஏது"ன்னு கேப்பாங்க. அந்தப் பழைய பம்புலயும் கவர்னர்னு ஒண்ணு இருக்கு. ஐடிலிங்குக்கு மேல இன்ஜின் சுத்திக்கிட்டு, பெடல்ல காலும் இல்லன்னா அதுவும் டீசலை நிறுத்திரும்.

நியூட்ரல்ல போட்டா? இன்ஜின் தன்னைத்தானே ஓட்டிக்கணும். அதுக்கு டீசல் வேணும். ரெண்டரை லிட்டர் இன்ஜின் சும்மா நின்னு ஓடினாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல, ஒரு லிட்டருக்குள்ள குடிக்கும். மேட்டுல இருந்து முந்தல் வர முக்கால் மணி நேரம்னா, அரை லிட்டர் காலி.

கியர்ல வந்தவருக்கு மிச்சம். நியூட்ரல்ல வந்தவருக்குச் செலவு. நான் சொல்றேன்னு நம்ப வேணாம். ஓபிடி ஸ்கேனர்னு சின்னதா ஒரு கருவி விக்குது. ஸ்டியரிங்குக்கு அடியில இருக்குற சாக்கெட்டுல மாட்டி, போன்ல பார்க்கலாம். எங்க வண்டியில மாட்டி எறங்கினேன். மூணாம் கியர்ல, கால் எடுத்த நிமிசம் டீசல் அளவு பூஜ்யத்துக்குப் போய் அங்கேயே நின்னுச்சு. கூட வந்த டிரைவர் தம்பி போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "இது ரிப்பேரா இருக்கும்ணே"ன்னு முதல்ல சொன்னாரு. நேரான ஒரு துண்டுல பாதுகாப்பா நியூட்ரல் போட்டதும் நம்பர் ஏறுச்சு. அதுக்கப்புறம் அவர் வாதாடல.

(ஒரு நியாயம் சொல்லிரணும். தேனி ரோட்டுல லேசான சரிவுல, கியர்ல விட்டா வண்டி இழுத்துப் பிடிச்சு நின்னுரும், நியூட்ரல்ல விட்டா ரொம்ப தூரம் உருளும். அந்த மாதிரி இடத்துல உருள்றது கொஞ்சம் லாபமாத் தெரியலாம். ஆனா மேட்டு ரோடு அந்த ரகம் இல்ல. அங்க வண்டியை ஓட வைக்க யாரும் கஷ்டப்படல, நிறுத்தத்தான் கஷ்டப்படுறோம்.)

இப்ப பிரேக்கு.

ஏறுறப்ப அந்த ரெண்டரை லிட்டர் டீசல் செஞ்ச வேலை எங்கயும் போயிடல. 29 மெகாஜூலும் வண்டிக்குள்ள உயரமா உக்காந்திருக்கு. அதே எடையோட எறங்குனா அது அத்தனையும் எதாவது ஒரு வழியில வெளிய வந்தாகணும். கியர்ல எறங்குனா பெரும்பங்கு இன்ஜின் வழியாப் போயிரும். நியூட்ரல்ல எறங்குனா ஏறக்குறைய முக்கால்வாசியைப் பிரேக் ஷூவும் டிரம்மும் தாங்கணும். 29 மெகாஜூல்னா, நூறு லிட்டர் தண்ணியைக் கொதி நிலைக்குக் கொண்டு வர்ற சூடு. கல்யாண வீட்டு அண்டா ஒண்ணை அடுப்புல ஏத்துற சூட்டுல முக்கால்வாசியை, நாலு சக்கரத்துக்குள்ள ஏத்துறீங்க.

அதுல லைனிங் பிடியை விட்டுரும். பிரேக் ஆயில்ல ஈரம் ஏறியிருந்தா கொதிச்சு ஆவியாகும், பெடல் தரையைத் தொடும். இன்னும் சிலர் இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டு உருட்டுறாங்க. அண்ணே, இன்ஜின் ஓடலன்னா வேக்குவம் பம்பு ஓடாது. ரெண்டு மூணு மிதிக்குத்தான் பிரேக் பூஸ்டர்ல வேக்குவம் மிச்சம் இருக்கும். அப்புறம் கல்லை மிதிக்கிற மாதிரி. பவர் ஸ்டியரிங்கும் போயிரும். சாவியைத் தப்பாத் திருப்பினா ஸ்டியரிங் பூட்டிக்கும். 17 வளைவு இருக்குற ரோட்டுல இதைப் பண்ணலாமா?

பெரியவங்க சொன்ன பழைய வழக்கம்தான் சரி: எந்தக் கியர்ல ஏறுனியோ அந்தக் கியர்லயே எறங்கு. அதுல பாதுகாப்பும் இருக்கு, டீசலும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா வர்ற வழி இருக்குறப்ப வேற வழி எதுக்கு?

எறக்கம் போதும். மேல ஏறுவோம்.

எடைக்கு வர்றேன். நூறு கிலோவை மேட்டுக்குத் தூக்க, தூக்குற செலவு மட்டும் 80 மில்லி டீசல். "இவ்வளவுதானா"ன்னு தோணும். ஒரு நடைக்குத்தான் இவ்வளவு. தினம் ஒரு நடை அடிக்கிற வண்டிக்கு மாசத்துக்கு ரெண்டு லிட்டர். இப்ப உங்க வண்டிப் பாடியைப் போய்ப் பாருங்க. பழைய கயிறு, உடைஞ்ச ஜாக்கி, சக்கரத்துக்குக் குடுக்குற கட்டை நாலு, போன மாசம் வேலைக்கு எடுத்துட்டுப் போன கம்பி, மழையில ஊறின தார்ப்பாய். நனைஞ்ச தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்திருக்கீங்களா? ரெண்டு ஆள் வேணும். ஜாக்கி ஒண்ணு, ஸ்டெப்னி, கட்டை ரெண்டு, காஞ்ச தார்ப்பாய், முதலுதவிப் பெட்டி. இது போதும். மிச்சத்தை வீட்டுல எறக்கி வைங்க.

ஆனா பெரிய எடை இதுல இல்ல. உரத்துல இருக்கு.

ஏலத்துக்குக் கீழ இருந்து தொழு உரம், ஆட்டு எரு வாங்கி ஏத்துறோம். மழைக்காலத்துல வெட்டவெளியில குவிச்சு வச்சிருந்ததை அப்படியே அள்ளிப் போடுறாங்க. ஈர எருவுல பாதி எடை தண்ணி. ஒன்றரை டன் ஏத்துனா முக்கால் டன் தண்ணியை மலைக்குத் தூக்குறோம். மழை கொட்டுற மலைக்குத் தண்ணியை டீசல் போட்டுத் தூக்குறோம்! இதை நினைச்சா எனக்கு இப்பவும் மனசு ஆறாது. அந்த முக்கால் டன்னுக்கு ஒரு ஏத்தத்துக்கு 600 மில்லி. அதுக்கு மேல, எடை போட்டு வாங்குனா தண்ணிக்கும் காசு குடுத்திருக்கோம்.

ஏலக்காய் விசயத்துல நம்ம ஆளுங்க இந்தக் கணக்கை எப்பவோ போட்டுட்டாங்க. பச்சைக் காய் அஞ்சு கிலோ காஞ்சா ஒரு கிலோதான் நிக்கும். அதனால ஸ்டோரைத் தோட்டத்துக்குப் பக்கத்துலயே கட்டி, அங்கேயே காய வச்சு, காஞ்ச காயை மட்டும் கீழ கொண்டு வந்து போடி ஏலத்துக்கோ புத்தடி ஏலத்துக்கோ போடுறோம். காய்க்குக் காட்டுற புத்தியை எருவுக்கும் காட்டுவோம். ஏப்ரல், மே வெயில்லயே வாங்கி, கூரைக்கு அடியில போட்டுக் காய வச்சு ஏத்துங்க. எங்க தோட்டத்துக்கு அப்படி மாத்தினதுல நடையே குறைஞ்சுச்சு. டீசல் மிச்சத்தை விட அது பெரிய மிச்சம்.

இங்க ஒரு விசயம் ஞாபகம் வருது. நூறு வருசத்துக்கு முந்தி மூணாறு தேயிலை எப்படிக் கீழ வந்துச்சு தெரியுமா? மூணாறுல இருந்து குண்டளை வழியா டாப் ஸ்டேஷனுக்கு ரயில் ஓடுச்சு. 1902-ல ஒத்தைத் தண்டவாளமா ஆரம்பிச்சு, 1908-ல சின்ன ரயிலா மாத்தினாங்க. டாப் ஸ்டேஷன்ல இருந்து கீழ குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்துக்குக் கம்பி வழி. அந்தரத்துலயே தேயிலைப் பெட்டி எறங்குச்சு. அங்க இருந்து வண்டியில போடிக்கு. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடிச்சிட்டுப் போயிருச்சு. மலையில சரக்கு ஏத்தி எறக்குறதுக்கு எடையையும் உயரத்தையும் வச்சுத்தான் அன்னைக்கு எல்லாமே யோசிச்சிருக்காங்க. அந்த யோசனை நமக்கும் இருக்கணும்னுதான் சொல்றேன்.

ஏத்தத்துல கியர். டாப் கியர்ல போட்டு இன்ஜினைத் திணற விட்டா மைலேஜ்னு ஒரு நம்பிக்கை இருக்கு. பின்னாடி கரும்புகை வருதா, கண்ணாடியில பாருங்க. அந்தப் புகை எரியாமப் போன டீசல். பெரும்பாலான பிக்கப்புக்கு 1,500-க்கும் 2,500-க்கும் நடுவுல இன்ஜின் சுத்துறப்பதான் இழுவை நல்லா இருக்கும். அதுக்குள்ள வச்சுக்கங்க. ஊசி வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிருங்க. வளைவுக்குள்ள போய் திணறி, கிளட்சை அரைகுறையா மிதிச்சுப் பிடிக்கிறதுதான் கிளட்ச் பிளேட்டையும் தின்னும், டீசலையும் தின்னும்.

நின்னு எடுக்குறதும் பெரிய செலவு. காலையில தோட்டத்து ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஜீப்புக மேல போற நேரம் உங்களுக்குத் தெரியும். அந்த வரிசைக்குள்ள லோடு வண்டியைக் கொண்டு போய்ச் சொருகினா, ஒவ்வொரு வளைவுலயும் நின்னு நின்னு எடுக்கணும். முடிஞ்சா அதுக்கு முன்னாடி ஏறுங்க, இல்ல அவங்க போனதுக்கு அப்புறம் ஏறுங்க. எதுக்க வர்ற வண்டிக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும்: மலைப் பாதையில இடம் பத்தலன்னா, எறங்குறவர்தான் ஓரம் நின்னு ஏறுறவருக்கு வழி விடணும். 1989 சாலை விதிகள்லயே இருந்த பழைய விதி இது. ஏறுறவர் லோடோட நின்னா மறுபடி எடுக்க எவ்வளவு பாடுன்னு ஓட்டுற எல்லாருக்கும் தெரியும்.

காத்துக் கணக்கு கீழ வந்ததும் தலைகீழா மாறிரும். தேனி தாண்டி மதுரை ரோட்டுல எண்பதுல போறப்ப, டயர் உருள்ற செலவை விடக் காத்தைத் தள்ளுற செலவு ஜாஸ்தி. எண்பதை அறுபதாக் குறைச்சா காத்தோட எதிர்ப்பு ஏறக்குறைய பாதி ஆயிரும். பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் 45-லிருந்து 55-ல போங்கன்னு ரொம்ப காலமாச் சொல்லிட்டு இருக்கு. லோடு வண்டிக்கு அது நியாயமான பேச்சு.

நம்ம பக்கம் ஆனி, ஆடியில மேற்கால இருந்து அடிக்கிற காத்து இருக்கே, அதையும் சேர்த்துக்கங்க. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காத்தாலையை மரமாட்டம் நட்டு வச்சிருக்காங்கன்னா சும்மாவா? தேனியில இருந்து போடிக்கு அறுபதுல வர்றீங்க, எதுத்தாப்புல முப்பதுல காத்து அடிக்குது. வண்டிக்கு அது தொண்ணூறு மாதிரி. எதிர்ப்பு ரெண்டே கால் மடங்கு. அந்த நேரத்துல தார்ப்பாயை லூசா விட்டு, படபடன்னு அடிச்சிக்கிட்டு வந்தா, அதுக்கும் சேர்த்து டீசல் போகும். இறுக்கிக் கட்டுங்க. கயித்தை ரெண்டு சுத்து கூடப் போடுங்க. இதுக்கு அஞ்சு நிமிசம்.

மெக்கானிக் விசயத்துக்கு வேகமா வந்துர்றேன், இது எல்லாருக்கும் ஓரளவு தெரிஞ்சதுதான்.

டயர் காத்து: லோடு ஏத்துறதுக்கு முன்னாடி, டயர் குளிர்ந்திருக்குறப்ப பாருங்க. கதவுப் பக்கம் ஒட்டியிருக்குற அட்டையில முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவுன்னு தனித்தனியாப் போட்டிருக்கும். அதுதான் கணக்கு. பங்க் பையன் "எல்லாத்துக்கும் ஒரே அளவு"ன்னு அடிச்சா தடுத்துச் சொல்லுங்க.

பிரேக் பிடிச்சுக்கிட்டு ஓடுறது: சமதரையில கொஞ்ச தூரம் பிரேக் தொடாம ஓட்டிட்டு, நாலு சக்கரத்துப் பக்கமும் கையைக் கொண்டு போய்ப் பாருங்க (தொட வேணாம், சுட்டுரும்). ஒண்ணு மட்டும் அனலடிச்சா அது பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால சுத்தினா தெரிஞ்சிரும். எங்க வண்டியில பின் சக்கரம் ஒண்ணு அப்படி இருந்துச்சு. அதைச் சரி பண்ணின அன்னைக்கே வண்டி லேசாயிருச்சுன்னு தம்பி சொன்னாரு.

ஏர் ஃபில்டர்: தோட்டத்து மண் ரோட்டுல கோடையில ஓடுற வண்டிக்குப் புத்தகத்துல போட்டிருக்குற கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது. டீசல் ஃபில்டர்ல தேங்குற தண்ணியையும் அப்பப்பத் திறந்து விடுங்க. மழைக்காலத்துல மலையில அது வேகமாச் சேரும்.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டி வச்சிருக்கவங்க இன்னொண்ணைக் கவனிக்கணும். சைலன்சர்ல கரியைப் பிடிச்சு வைக்கிற டிபிஎஃப் இருந்தா, அது நல்லா சூடானாத்தான் கரியை எரிச்சுச் சுத்தமாகும். வண்டியை ஸ்டார்ட்ல போட்டுட்டு சரக்கு எறக்குற பழக்கம் அதுக்கு ஆகாது. கரி ஏறும், அதை எரிக்க வண்டியே கூடுதல் டீசலைத் தெளிக்கும். எறக்குறப்ப ஆஃப் பண்ணிருங்க.

அப்புறம் இந்த மேக்னெட்டு. டீசல் குழாயில மாட்டினா இருபது பர்சன்ட் மிச்சம்னு விக்கிறாங்களே. வாங்காதீங்க. தயவுசெஞ்சு வாங்காதீங்க. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரி நூறு கருவிக்கு மேல சோதிச்சுப் பார்த்திருக்கு. தேறினது ரொம்பக் கொஞ்சம், அதுவும் பேருக்குத்தான். நம்ம ராஜபாளையத்துப் பக்கம் ஒருத்தர் 1996-ல மூலிகையில பெட்ரோல் எடுக்குறேன்னு சொல்லி நாடு முழுக்க அமர்க்களப்பட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எங்க தெருவுல எத்தனை பேரு அதை நம்பி ஏங்கினாங்க! டீசல் காசுல குடும்பம் ஓட்டுறவங்களோட ஆசையை வச்சு யாவாரம் பண்றது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. அந்தக் காசுக்கு நல்ல காத்து கேஜ் ஒண்ணு வாங்கி வண்டியில வைங்க.

டீசலைப் போடியிலயே நிரப்பிட்டு ஏறுற பழக்கம் மட்டும் ரொம்பச் சரி. கேரளாவுல 2023 ஏப்ரல் 1-லிருந்து லிட்டருக்கு 2 ரூபா கூடுதல் செஸ் போட்டுட்டாங்க. "ஃபுல் டேங்க் எடைதானே?"ன்னு கேட்டா, 60 லிட்டர் டீசல் 50 கிலோ. மேட்டுக்குத் தூக்க 40 மில்லி. அந்த விலை வித்தியாசத்துக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்ல. தைரியமா நிரப்புங்க.

கடைசியா, மைலேஜை எப்படி அளக்குறது?

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்ங்கிற கணக்கு மலைக்கு ஒத்து வராது. ஒரு வாரம் லோடோட மேட்டுக்கு ஓடி, அடுத்த வாரம் மதுரைக்கு எம்டியா ஓடினா நம்பர் எகிறும். வண்டி திருந்தினதா அர்த்தம் இல்ல. அதுக்குப் பதிலா ஒரு நடைக்கு எத்தனை லிட்டர்னு எழுதுங்க. ஒரே பங்க், ஒரே பம்பு, ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திரணும், மேல ஊத்தக் கூடாது. மேட்டுக்குப் போய்த் திரும்பி வந்து அதே பம்புல அதே மாதிரி நிரப்பினா, நிரப்பின அளவுதான் அந்த நடையோட செலவு. பக்கத்துலயே ஏத்தின எடையையும் எழுதுங்க. எடை இல்லாத கணக்கு மலையில அரைக் கணக்கு. கொஞ்ச நாள் எழுதினாலே ஈர எரு ஏத்தின நாள், காத்துக் குறைஞ்ச நாள், ஜீப்புக்குப் பின்னாடி மாட்டின நாள் எல்லாம் தானாத் தெரியும்.

எல்லாத்துக்கும் மேல, ஓட்டுறவருக்கு இதுல பங்கு இருக்கணும். நடைக்கு இவ்வளவு பேட்டான்னு மட்டும் குடுத்தா, அவர் வேகமா ஓட்டி இன்னொரு நடை அடிக்கத்தான் பார்ப்பாரு. அதுல தப்பே இல்ல, அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. மிச்சமாகுற டீசல்ல காக்காசு அவர் கைக்கு வராதப்ப, மிச்சம் பண்ணுன்னு சொல்ற உரிமை முதலாளிக்கு எங்க இருந்து வருது?

எங்க வண்டிக்கு ஒரு ஏற்பாடு வச்சிருக்கோம். லோடு நடைக்கு ஒரு அளவு, எம்டி நடைக்கு ஒரு அளவு, ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணினது. மாசக் கடைசியில அதுக்குக் கீழ எவ்வளவு மிச்சமோ, அந்தக் காசுல பாதி தம்பிக்கு. கூடிப் போச்சுன்னா அவர் சம்பளத்துல பிடிக்கிறது கிடையாது, வண்டியைத்தான் சோதிப்போம். பேட்டா தனி, அதுல கை வைக்கல. நேரத்துக்கு வரலன்னு யாரும் போன் போட்டு விரட்டுறதும் இல்ல.

ஒரே ஒரு நிபந்தனை அவர்கிட்ட சொல்லியிருக்கேன்: நியூட்ரல்ல எறக்கினா அந்த மாசம் பங்கு கிடையாது. முந்தல்ல நிறுத்தி டிரம் பக்கத்துல கையைக் காட்டினா தெரிஞ்சிரும். கியர்ல வந்த வண்டி வெதுவெதுன்னு இருக்கும். உங்க வண்டியிலயும் நாளைக்கு எறங்கினதும் காட்டிப் பாருங்கண்ணே.